உதுக்கு ஒரு கடுக்கன்

என் அப்பா கனிசியஸ் இறந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அவர் ஒற்றை விரலால் தட்டி வைத்த ஒரு குறிப்பை என் கணினியில் கண்டேன். உடுவிலில் இருக்கும் சீவரத்தினம் மாமாவின் மூளையில் ஓர் இரத்தக்குழாய் பிதுங்கியிருக்கலாம் என்றது குறிப்பு. அது வெடித்தால் ஆள் தப்புவது அரிது. வெடிக்குமுன் கண்டுபிடித்தால் அடைத்துவிடலாம். ஆகவே மாமாவை மறுபடி ஒரு ஸ்கானுக்குக் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சிக்கலும் ஒன்றுதான். அப்பா நாற்பது வருடங்களாக மாமாவை ஏமாற்றி வந்தவர். அப்பா சொன்னார் என்று சொல்லி மாமாவை வாசல் தாண்ட வைக்க எவராலும் முடியாது.

எனவே முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

குருநகரில் பிறந்தார். தகப்பன், அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போனார்கள். இவர் போகவில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தி வரும். இருபத்தேழு வயதில் ஆசுபத்திரியின் எக்ஸ்ரே பகுதியில் சிற்றூழியராகச் சேர்ந்தார். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது, தள்ளிக்கொண்டு வருவது, ஈரமான படங்களைக் கம்பியில் கொழுவிக் காயவிடுவது, காய்ந்ததை டொக்டரிடம் கொடுப்பது. முப்பத்தொரு வருடம் இதுதான். கொடுக்குமுன் ஒவ்வொரு படத்தையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். படித்தது எட்டாம் வகுப்பு. பார்த்தது எத்தனை ஆயிரம் எலும்பு என்று அவருக்கே தெரியாது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அருட்செல்வன் என்று ஒரு டொக்டர் அப்போது புதிதாக வந்திருந்தார். படத்தை ஒருமுறை பார்ப்பார், நோயாளியின் பெயரைக் கூப்பிடுவார், அடுத்த படத்தை எடுப்பார். அந்த வேகம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் அன்றைய படக்கட்டுக்குள் ஒரு படத்தைச் செருகிவிட்டார். மூலையில் பெயர் எழுதியிருந்தது: பி. விளைமீன், வயது 2, குருநகர்.

டொக்டர் வெளியே வந்து மூன்று தரம் கூப்பிட்டார்.

"விளைமீன். விளைமீன் வந்திருக்கிறாரோ?"

வாங்கில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "ஐயா, அவர் குழம்புக்குள்ளை போயிட்டார்."

டொக்டர் உள்ளே போய்ப் படத்தை இரண்டாம் முறை பார்த்தார். இந்த முறை ஆறுதலாக. வெளியே வந்து, "தொண்டையிலை தூண்டில் முள்ளு கிடக்கு" என்றார்.

"அப்ப நீங்கள் நல்ல டொக்டர்தான்" என்றார் அப்பா.

விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, விறாந்தையில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் வீடு துப்புரவாக்கும்போது அம்மா அதைக் கழற்றுவா. அடுத்தநாள் அது பழையபடி ஆணியில் இருக்கும்.

சீவரத்தினம் மாமா, அப்பா சேர்ந்த அதே வருடம் அம்புலன்ஸ் சாரதியாகச் சேர்ந்தவர். உடுவில் தோட்டக்காரக் குடும்பம், சைவம், வெள்ளிக்கிழமை மீன் வாசம் பிடித்தால் மூக்கைப் பொத்துவார். அப்பா வெள்ளிக்கிழமைகளில்தான் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார். மத்தியான இடைவேளையில் அம்புலன்ஸ் கொட்டகையில் கடுதாசி விளையாட்டு, அதாவது சீட்டு. முன்னூற்றிநாலு. அதில் ஏலம் கேட்டு வென்றவர் துரும்புச் சீட்டை மற்றவர்களுக்குக் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். தோற்றவர் காதில் கடுக்கன் பூட்டவேண்டும். மற்ற ஊர்களில் ஓலைத் துண்டோ பூவரசம் இலையோ கடுக்கனாகும். அம்புலன்ஸ் கொட்டகையில் அது உடுப்புக் கொழுவும் நீல நிறக் கிளிப். காதைக் கடிக்கும்.

மாமாவுக்கு முறம் போன்ற காதுகள். "கனி, உனக்காகத்தான் கடவுள் இந்தக் காதை எனக்கு வைச்சவர்" என்று அவரே சொல்வார். இருவரும் ஒருநாளும் ஒரே பக்கம் இருந்து விளையாடியதில்லை. அப்பா கள்ளச் சைகை காட்டுவார், முன்னம் போன தாளை மறுபடி இறக்கப் பார்ப்பார், பிடித்தால் சத்தியம் பண்ணி மறுப்பார். ஒன்று மட்டும் அவருக்கு உண்மையாகவே வரும். எதிரி கவிழ்த்து வைத்த துரும்பைக் கண்ணால் காட்டி, "உது கிளாவர்" என்பார். பெரும்பாலும் கிளாவர்தான்.

மாமா ஓய்வுபெறுகிற வருடம் அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. ஆசுபத்திரி முத்திரை குத்திய கடிதம். ஓய்வுபெறும் சாரதிகள் இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரை முழுவதுமாகச் சேகரித்து எக்ஸ்ரே பகுதியில் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. மாமா ஐந்து லீற்றர்க் கானை மோட்டச்சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுவிலிலிருந்து வந்தார். அப்பா கையுறை போட்டு வாங்கினார், தராசில் வைத்தார், "காணாது போலை கிடக்கு சீவா" என்றார். பிறகு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமா அந்தப் பற்றுச்சீட்டை நான்கு நாள் பத்திரமாக வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆசுபத்திரியிலிருந்து வந்த எந்தக் கடிதத்தையும் மாமா திறந்ததில்லை என்று பாலேஸ்வரி மாமி சொன்னா.

இனி என் பக்கம். நான் கணினிப் பொறியியல் படித்தேன். யாழ்ப்பாணத்திலேயே ஓர் ஆய்வுக் குழுவில் வேலை. குழுவின் மருத்துவர் அதே அருட்செல்வன். இப்போது தலை நரைத்துவிட்டது, மூளை ஸ்கான் வாசிப்பதில் பெயர் பெற்றவர். எம்ஆர்ஐ ஸ்கானில் இரத்தம் ஓடும் குழாய்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்படி படம் எடுக்கலாம். அந்தக் கோடுகள் கிளைவிடும் இடங்களில் சிலருக்குச் சுவர் மெலிந்து, பிதுங்கி நிற்கும். சிறிதாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பிதுங்கல் உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டி, வித்தியாசத்தைக் கணினி தானாகவே பழகும்படி செய்வது எங்கள் வேலை. இயந்திரக் கற்றல் என்பது இதுதான். எது பிதுங்கல் என்று நாங்கள் விதி எழுதுவதில்லை. காட்டுகிறோம், பிழைவிட்டால் திருத்துகிறோம், மறுபடி காட்டுகிறோம்.

இதை அப்பாவுக்கு விளக்கினேன்.

"அப்ப உது முன்பள்ளி" என்றார்.

பிதுங்கலுக்கு அவர் வைத்த பெயர் பொக்குளம். ஒரு மாதத்தில் குழு முழுவதும் பொக்குளம் என்றுதான் கதைத்தது.

தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். கொண்டுவந்தால் போகமாட்டார். மெசினைச் சோதிப்பதற்காக நானூற்றுப் பன்னிரண்டு பழைய ஸ்கான்களை எடுத்திருந்தோம். பெயர்களை நீக்கி இலக்கம் மட்டும் விட்டிருந்தோம். சரியான விடை பழைய அறிக்கைகளில் இருந்தது. அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதைக் கண்ட டொக்டர் சொன்னார்:

"பயிற்சி இல்லாத ஒரு ஆளையும் போட்டிக்கு விடுவம் ஜெயனி. மெசின் ஆகக் குறைஞ்சது கனிசியஸையாவது வெல்லவேணும்."

"விளைமீனை மறக்கேல்லை என்ன டொக்டர்" என்றார் அப்பா.

"சாகும்வரை மறக்கமாட்டன்."

இப்படித்தான் என் அப்பா எங்கள் ஆய்வில் 'வாசிப்பாளர் 3' ஆனார். பூச்சியம் என்றால் பொக்குளம் இல்லை. ஒன்று என்றால் உண்டு. பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் இடம். அப்பா முதல் நாளே வீட்டிலிருந்து இரண்டு நீலக் கிளிப் கொண்டுவந்தார். தான் தோற்றால் தன் காதில். மெசின் தோற்றால் திரையின் மூலையில்.

உண்மையைச் சொல்லவேண்டும். மெசின்தான் அதிகம் வென்றது. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அப்பாவின் காது செம்பரத்தம்பூப் போல இருக்கும். "என்ன காது?" என்று அம்மா கேட்டால், "உன்ரை மோள் முறுக்கினவள்" என்பார்.

மூன்றாம் நாள் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பொத்தானையும் அமத்தவில்லை.

"அப்பா, ஏதாவது ஒண்டை அமத்துங்கோ."

"எதை அமத்த? இது பொக்குளமில்லை. ஆனா உது."

"உது எண்டால்?"

"உது எண்டால் உது. நீ எங்கை பிறந்தனி?"

மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இது என்றால் எனக்குக் கிட்ட இருப்பது. அது என்றால் இருவருக்கும் எட்ட இருப்பது. யாழ்ப்பாணத்தில் நடுவில் இன்னொன்று உண்டு. உது. உனக்குக் கிட்ட இருப்பது. பெரும்பாலும் உன் முகத்துக்கு முன்னாலேயே இருப்பது. எனக்குத் தெரிகிறது, நீ பார்க்கவில்லை. 'உது என்ன சட்டையிலை?' என்று ஒருவர் கேட்டால், குனிந்து பார்ப்பதுதான் புத்தி.

"உன்ரை மெசினுக்கு உது தெரியாதோ?"

"ஓம், இல்லை. ரெண்டுதான் அப்பா."

"அப்ப உது யாழ்ப்பாணத்து மெசின் இல்லை."

அடுத்தநாள் விசைப்பலகையின் ஏழாம் இலக்கப் பொத்தானில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அதன்மேல் பேனையால் 'உ'. சந்தேகமான படம் வந்தால் அதை அமத்துவார். அந்த ஆட்டத்துக்குத் தீர்ப்பு இல்லை, எவருக்கும் கடுக்கன் இல்லை என்று சட்டமும் போட்டார். ஒருமுறை அப்பாவைக் கூட்டிப்போக வந்த சீவரத்தினம் மாமா அந்தப் பொத்தானைக் கண்டுவிட்டார்.

"இஞ்சை பாரடா. வேதக்காரன் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறான். எப்ப கனி திருநீறு?"

"நீ ஞானஸ்நானம் எடுக்கிற அண்டைக்கு."

நான் அந்த ஏழாம் இலக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. என் நிரலில் ஒரு வரி இருந்தது: பூச்சியமோ ஒன்றோ அல்லாத எதுவும் விரல் தவறிய தட்டச்சு, நீக்கிவிடு. நல்ல வரி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். அப்பாவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக் கரியரைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"நூற்றி முப்பத்தேழை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு பிள்ளை."

"ஓம் அப்பா."

"மறந்துபோடாதை."

"ஓம் எண்டனே."

செவ்வாய்க்கிழமை காலை பாசையூர்ச் சந்தையில் மீன்காரியிடம் "உந்தச் சூடைமீன் ஆரிட்டைச் சுட்டது?" என்று கேட்டாராம். அவள் சிரித்து முடிக்குமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். இதயம். மூளை அல்ல. அறுபத்தேழு வயது.

செத்தவீட்டில் மாமா பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அழவில்லை. குனிந்து அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"பகிடி காணும் கனி. எழும்பு."

கொஞ்சம் பொறுத்தார். பிறகு வெளியே போய்க் கதிரையில் இருந்தார். எடுக்கும்வரை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் அப்பாவின் செருப்பு இருந்தது. ஆய்வுக்கூடத்தில் செருப்பு இல்லை. பொத்தானில் பிளாஸ்ரர் இருந்தது. அதைப் பார்க்காமல் தட்டப் பழகினேன்.

முப்பத்தோராம் நாள் கழிந்த திங்கள், கட்டுரையின் வரைவை வாசித்துக்கொண்டிருந்த டொக்டர் கூப்பிட்டார்.

"படங்கள் நானூற்றிப் பன்னிரண்டு எண்டு எழுதியிருக்கிறீர். அட்டவணையிலை முந்நூற்றி எழுபத்தொண்டுதான் கிடக்கு. மிச்சம் நாப்பத்தொண்டும் எங்கை?"

தேடினேன். ஒரு வரி. என் வரி. மூலக் கோப்பைத் திறந்தேன். நாற்பத்தொரு ஏழுகளும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தன.

22: உது. முள்முருக்கங் கொப்பு மாதிரி.
58: உது எண்டும் சொல்லேலாது. சொல்லாமலும் இருக்கேலாது.
90: பசிக்குது. கரியர் ஜெயனியிட்டை.
201: ஜெயனி மேசையிலை நித்திரை. நான் தனிய விளையாடுறன். மெசின் கள்ளம் செய்யுது.

137க்கு மட்டும் இரண்டு வரி: உது. காது சீவான்ரை. ஜெயனிக்குச் சொல்லிப்போட்டன், அவள் டொக்டருக்குக் காட்டுவாள்.

நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிறகு 137ஐத் திறந்தேன். அந்தவகை ஸ்கானை அடுக்கு அடுக்காகப் பார்த்தால் தலையின் வெளிக்கோடும் தெரியும். மூக்கு, கண், காது. பெயரை நீக்கியிருந்தோம், காதை நீக்க நினைக்கவில்லை. அது இன்னொரு பிழை. இரண்டு பக்கமும் முறம் போல நின்றன. முப்பது வருடம் கிளிப் கொழுவியவருக்குத் தெரியாமலிருக்குமா? இரண்டு வருடத்துக்கு முன் மருதனார்மடத்தடியில் மாமா மாட்டில் மோதி விழுந்தபோது எடுத்த ஸ்கான். மண்டையில் வெடிப்பு இல்லை, கசிவு இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். மெசினும் பொக்குளம் இல்லை என்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் வாய்ப்பாம்.

நாற்பத்தொன்றையும் டொக்டருக்குக் காட்டினேன். முழுநாள் இருந்தார். முப்பத்தெட்டு வெறும் வளைவு. மூன்றைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றார். 137இல் குழாய் திரும்பும் இடத்தில் மூன்று மில்லிமீற்றர் அளவில் ஒரு நிழல். அதைப் பெருப்பித்து, சிறுப்பித்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, மறுபடி பெருப்பித்தார்.

"வளைவாகவும் இருக்கலாம். பொக்குளமாகவும் இருக்கலாம்."

"என்னெண்டு எழுத டொக்டர்?"

"என்னத்தை எழுத? உது."

மூன்று பேருக்கும் முறைப்படி ஆசுபத்திரிக் கடிதம் போயிற்று. இரண்டு பேர் வந்தார்கள். ஒன்றும் இல்லை. சந்தோசமாகப் போனார்கள். மூன்றாவது ஆளிடமிருந்து பதில் இல்லை. நான் உடுவிலுக்குப் பஸ் எடுத்தேன்.

மாமா வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார்.

"வா பிள்ளை. கொம்மா சுகமே?"

"ஓம் மாமா. ஆசுபத்திரிக் கடிதம் வந்ததே?"

"வந்தது."

"எங்கை?"

"மாட்டுக்கு வைச்சனான். அதுவும் தின்னேல்லை."

"அது உண்மையான கடிதம் மாமா."

"முந்தி வந்ததும் உண்மையான கடிதந்தான். சீல் கிடந்தது. கானையும் கட்டிக்கொண்டு போனனான்."

"இது டொக்டர் அருட்செல்வன் அனுப்பினது."

"ஆர், விளைமீனோ? அவரும் கொப்பற்றை ஆள்தான். கனி எல்லாத்தையும் ஒழுங்குபண்ணி வைச்சிட்டுத்தான் போயிருக்கிறான். நீ தபால்காரி. இந்தமுறை என்ன கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்?"

மடிக்கணினியை வாழைக்கட்டையின் மேல் வைத்துப் படத்தைக் காட்டினேன். குழாயைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தார்.

"உது என்ரை காதில்லை."

சத்தம் கேட்டுப் பாலேஸ்வரி மாமி குசினியிலிருந்து வந்தா. கையில் பிசைந்த மா. திரைக்குக் குனிந்தா.

"உது உங்கடை காதுதான்."

"எல்லாருக்கும் காது இருக்குது."

"இந்தளவுக்கு இல்லை."

மாமா மண்வெட்டியை எடுத்து மறுபடி கொத்தத் தொடங்கினார். "நான் வரேல்லை. சந்தி முழுக்கச் சிரிச்சது. இன்னொருக்கா ஏலாது. கொப்பர் செத்தும் என்னை விடுறாரில்லை."

இதற்கு என்னிடம் தொழில்நுட்ப விளக்கம் பல இருந்தன. எதையும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"நான் அழிச்சுப்போட்டன் மாமா."

"எதை?"

"அப்பா உது எண்டு குறிச்ச எல்லாத்தையும். என்ரை புரோகிராம் அதைப் பிழை எண்டு எறிஞ்சுபோட்டுது. நான்தான் அப்பிடி எழுதினனான். உங்கடை படத்தை டொக்டருக்குக் காட்டு எண்டு அப்பா வாயாலையும் சொன்னவர். ஓம் எண்டு சொல்லிப்போட்டு மறந்துபோனன். அப்ப காட்டியிருந்தால் ஒண்டரை மாதம் முந்தியே தெரிஞ்சிருக்கும்."

மண்வெட்டி நின்றது.

"கொப்பருக்குத் தெரியுமே, நீ அழிச்சது?"

"தெரியாது."

மாமா வரம்பில் இருந்தார். காலில் ஒட்டிய சேற்றைத் தடியால் சுரண்டினார்.

"கனி பகிடி விட்டால் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டான். மாதாவின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். பிழை என்ரை எண்டு ஒருத்தர் வந்து நிண்டால் அது அவன்ரை பகிடியில்லை." தடியை எறிந்தார். "மெசின் என்ன சொன்னது?"

"இல்லை எண்டது."

"விளைமீன்?"

"தெரியாதாம்."

"கனி?"

"உது."

"உது" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"சரி, வாறன். ஆனா சும்மா வரேல்லை. ஆட்டம் எண்டால்தான் வருவன். நீ மெசின் பக்கம். நான் கனியின்ரை பக்கம். முப்பது வருசம் எதிர்ப்பக்கம் இருந்து காது அறுந்துது. ஒருக்காக் கூட்டாய் இருந்து பாப்பம்."

ஒத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா வென்றால் அவர் தலையில் பொக்குளம். அவர் நன்றாக இருக்கவேண்டுமானால் அப்பா தோற்கவேண்டும். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். அப்பாவின் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, "இந்த ஒருக்காத் தோத்துப்போங்கோ" என்று கேட்டேன். சொன்னதைக் கேட்டுப் பழக்கமான மனிதரல்ல அவர்.

ஸ்கான் நாள் மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இடது காதில் நீலக் கிளிப்போடு வந்து இறங்கினார். தாதி தடுத்தாள்.

"ஐயா, காதிலை என்ன?"

"கடுக்கன்."

"உதிலை கம்பிச் சுருள் கிடக்கு. உள்ளை காந்தம். கழட்டுங்கோ."

"கழட்டினால் ஆட்டம் குழம்பும் பிள்ளை."

"கழட்டாட்டி மெசின் குழம்பும்."

"அது நல்லதுதானே" என்றார் மாமா. ஆனாலும் கழற்றி என் கையில் தந்தார். காதில் இரண்டு சிவந்த பள்ளம். "வைச்சிரு. தோக்கிற ஆளுக்கு." கதவடியில் திரும்பினார். முகத்தில் இப்போது பகிடி இல்லை. "என்ன வந்தாலும் பாலேஸ்வரிக்கு நான் சொல்லுறன். நீ ஒண்டும் கதையாதை."

முக்கால் மணிநேரம். உள்ளே மெசின் தட்டுகிற சத்தம் சுவரால் கேட்டது. மாமி கந்தசஷ்டி விரதக்காரி போல உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தா. நான் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் வெளியே வந்தார். முன்பெல்லாம் வேகமாக வருவாராம். இப்போது மெதுவாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

"பூட்டும்" என்றார்.

பூட்டினேன். நான் நினைத்ததைவிட நோகும். முப்பது வருடம் இதை எப்படிச் சிரித்துக்கொண்டு போட்டார்களோ தெரியாது. கண்ணீர் வந்தது. கிளிப் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மில்லிமீற்றர் ஐந்தாகியிருந்தது. நல்ல காலத்துக்கு வெடிக்கவில்லை. அடுத்த மாதம் மாமாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். தொடையிலுள்ள குழாய்க்குள்ளால் மெல்லிய கம்பியை மூளைவரை ஏற்றி, பொக்குளத்துக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பி அடைத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு முன்னூற்றிநாலு விளையாடக் கடுதாசி கேட்டார்.

எங்கள் மென்பொருளில் இப்போது மூன்று பொத்தான்கள். மூன்றாவதை எவர் அமத்தினாலும் படம் நேரே டொக்டரிடம் போகும். கட்டுரையில் அதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறோம். திரையில் 'உ' என்றுதான் இருக்கிறது. ஸ்கான்களில் காதையும் மூக்கையும் அழிக்கும் நிரலையும் எழுதினேன். ஏழாம் பொத்தானின் பிளாஸ்ரரை மாற்றவில்லை. ஓரம் கறுத்துவிட்டது.

உயிர்த்த ஞாயிறுக்கு மாமாவும் மாமியும் வீட்டுக்கு வந்தார்கள். விறாந்தையில் விளைமீன் கடிதம் ஆணியில் இருந்தது. அம்மா இந்த வருடம் அதைக் கழற்றவில்லை. மாமா அதற்கு முன்னால் நின்று ஒருமுறை வாசித்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே இராசாத்தி. முப்பது வருசமாய்க் காதிலை பூட்டினவன், கடைசியிலை மண்டைக்குள்ளையே பூட்டிப்போட்டுப் போயிட்டான். அதுவும் பிளாட்டினம்."

அம்மா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தா.

"உங்களுக்கெண்டாலும் பிளாட்டினம்" என்றா. "எனக்கு அந்த மனுசன் ஒரு சோடி பித்தளைத் தோடு வாங்கித் தரேல்லை."